ஒளிக்கு ஓர் ஐந்தொகை

முன்னாளில் ஒரு குடும்பத்தில் போட்டோ பிடிப்பதென்பது சிறு விசேஷமாகவே நடந்து வந்தது. நல்ல நாள் பார்ப்பார்கள். பெட்டியிலிருந்து பட்டு வெளிவரும். குழந்தைகளுக்குத் தலை வாரிப் பொட்டிட்டு, எல்லோரும் ஒன்றாக ஸ்டூடியோவுக்குப் போவார்கள். ஆயுள் முழுவதற்கும் நாலைந்து படங்கள் எஞ்சினால் அதிகம். இன்றோ ஒரு முகூர்த்தத்தில் மட்டும் ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்படுகின்றன. காமிரா இல்லாத வீட்டிலும் கைப்பேசி இருக்கிறது. கைப்பேசி இருக்குமிடத்தில் காமிராவும் இருக்கிறது. ஆயினும் இத்தனை படங்களுள் மணப்பெண்ணின் முகம் உள்ளது உள்ளபடி விளங்குவதும், மாப்பிள்ளையின் வெள்ளை வேஷ்டியில் மடிப்புத் தெரிவதும், பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் கண்கள் தெரிவதுமான படம் எத்தனை என்று தேடினால், விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதற்கு யந்திரத்தைக் குறை கூறிப் பயனில்லை. அது ஒவ்வொரு படத்துடனும் ஒரு கணக்கையும் எழுதி நம் கையில் கொடுக்கிறது. காமிராவின் பின்புறத் திரையிலும், படத்தைத் திருத்தும் கம்ப்யூட்டரின் மூலையிலும், மலைத்தொடர் போன்ற ஒரு சிறு உருவம் தோன்றுவதை நேயர்களில் பலர் கண்டிருப்பார்கள். கண்டு, ‘இது நமக்கல்ல, நிபுணர்களுக்கு’ என்று ஒதுக்கியும் இருப்பார்கள். அதற்கு ‘ஹிஸ்டோகிராம்’ என்று பெயர். புள்ளியியல் சாஸ்திரத்துக்கு அஸ்திவாரம் இட்டவர்களில் ஒருவரான ஆங்கிலேய அறிஞர் கார்ல் பியர்ஸன், 1890-களில் இப்பெயரை வழங்கினார். நம் பள்ளிப் பாடநூல்கள் அதனை ‘நிகழ்வுச் செவ்வகம்’ என்கின்றன. கடைக்காரர் வருஷ முடிவில் வரவையும் செலவையும் தொகுத்து ஐந்தொகை போட்டுப் பார்க்கிறார் அல்லவா? படத்தில் புகுந்த ஒளிக்கு அவ்வாறு போட்ட ஐந்தொகையே இது. இதனைப் படிக்கக் கற்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் போதும்.

கணக்கின் இலக்கணம்

ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் பரீட்சை எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பூஜ்யம் முதல் பத்து வரை வாங்கியவர் எத்தனை பேர், பதினொன்று முதல் இருபது வரை எத்தனை பேர் என்று வரிசையாக எண்ணி, ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதன் எண்ணிக்கைக்கேற்ற உயரத்தில் ஒரு கட்டம் எழுப்பினால், வகுப்பின் நிலை ஒரு பார்வையில் விளங்கிவிடும். கட்டங்கள் இடப்பக்கம் குவிந்திருந்தால் பிள்ளைகளுக்குப் பாடம் புரியவில்லை. வலப்பக்கச் சுவரில் மோதி நின்றால் கேள்வித்தாள் மிகச் சுலபம்.

படத்தின் கணக்கும் இவ்வாறே. ஒரு டிஜிட்டல் படம் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. அகலத்தில் 6,000 புள்ளிகளும் உயரத்தில் 4,000 புள்ளிகளும் உள்ள படத்தில் மொத்தம் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் ஒளிக்கேற்ப ஒரு மதிப்பெண் உண்டு. கரிய இருட்டுக்கு 0, தூய வெண்மைக்கு 255. இடக்கோடி இருள், வலக்கோடி வெண்மை, இடையில் படிப்படியான சாம்பல் நிறங்கள். எந்தப் படியில் அதிகப் புள்ளிகள் உள்ளனவோ அந்த இடத்தில் குன்று உயர்கிறது.

இதில் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். மதிப்பெண் கட்டத்தைப் பார்த்து எந்தப் பிள்ளை எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்ல இயலாது. அதுபோலவே ஹிஸ்டோகிராமும் ‘இத்தனை புள்ளிகள் இருண்டவை’ என்று கூறுமே யன்றி, அவை மணமகளின் கூந்தலா, மண்டபத்தின் மூலையா என்று கூறாது. படத்தையும் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பார்க்கவேண்டும்.

ஒளியை அளந்தவர்கள்

ஒளியை அடக்கி ஆளும் கவலை புதிதன்று. லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படைவீரர், சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக 1857, 1858-ம் வருஷங்களில் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை முதலிய இடங்களைப் படம் பிடித்தார். அக்காலத்துப் பிரதித் தாள்கள் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். ஆதலால் கோபுரம் நன்றாக விழும்படி எடுத்தால், வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமோ? தூரிகை எடுத்து, எதிர்ப்படத்தின் மேல் மேகங்களைத் தம் கையாலேயே தீட்டிச் சேர்த்தார். மேகம் அவருடைய கற்பனை. ஏனெனில் உண்மை மேகம் தாளில் பதியவே இல்லை. வெண்மை எல்லை கடந்துவிட்டால் அதற்குள்ளிருந்தது மீளாது என்னும் பாடம் அன்றைக்கே தெளிவாகிவிட்டது.

1890-ல் ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்னும் இரு நண்பர்கள், இவ்வளவு ஒளி பட்டால் தகடு இவ்வளவு கறுக்கும் என்று முறையாக அளந்து கோடு வரைந்து காட்டினார்கள். 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் ஆன்ஸல் ஆடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் கருமைக்கும் வெண்மைக்கும் இடையிலுள்ள வெளியைப் பதினொரு படிகளாக வகுத்து, எக்காட்சியின் எப்பகுதி எப்படியில் அமையவேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிக்கும் முறையை வகுத்தார்கள். நம் பக்கத்திலும் ஒளியின் சாயைகளை அறிந்தவர்கள் உண்டு. 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவரும், நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வருமான ஸ்ரீ மா. கிருஷ்ணன், பல யந்திரங்களின் பாகங்களைத் தாமே ஒட்டுப்போட்டு அமைத்த காமிராவைத் தூக்கிக்கொண்டு காடுகளில் அலைந்து, கறுப்பு வெள்ளையிலேயே யானைகளையும் மான்களையும் படம் பிடித்தார். யானையின் சாம்பல் தோல் காட்டின் நிழலோடு கலந்துவிடாமல் பிரித்துக் காட்டுவதற்கு வேண்டிய ஒளி அறிவு அவரிடம் இருந்தது.

பிறகு யுகம் மாறிற்று. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் வில்லர்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் ஒளியை மின்சாரமாக மாற்றிச் சேமிக்கும் சில்லைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2009-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். 1975-ல் கோடாக் கம்பெனியின் ஸ்டீவன் ஸாஸன், 10,000 புள்ளிகள் மட்டுமே கொண்ட படத்தை 23 வினாடிகளில் ஒலிநாடாவில் பதியும் யந்திரத்தை அமைத்தார். இருட்டறையும் தகடும் போய், எண்கள் வந்தன. எண்கள் வந்தபின் கணக்கும் கூடவே வந்துவிட்டது.

அரிசியும் சோறும்

காமிரா படத்தை இருவகையில் கொடுக்கும். ஒன்று ‘ஜேபெக்’, மற்றொன்று ‘ரா’. இவற்றின் வித்தியாசத்தைச் சமையலறையிலிருந்தே சொல்லிவிடலாம். ‘ஜேபெக்’ வடித்த சோறு, ‘ரா’ அரிசி. சோறு உடனே உண்ணலாம். ஆனால் குழைந்துவிட்டால் குழைந்ததுதான். அரிசியோ சோறாகவும் ஆகும், பொங்கலாகவும் ஆகும், மாவாகவும் ஆகும். இன்று கைப்பிசகாகப் பொங்கினாலும் நாளைக்கு மறுபடி உலை வைக்கலாம்.

காமிரா ‘ஜேபெக்’ செய்யும்போது நிறம், மாறுபாடு, கூர்மை யாவற்றையும் தானே தீர்மானித்து, ஒவ்வொரு நிறத்தையும் 256 படிகளுக்குள் சுருக்கி, மிச்சத்தை எறிந்துவிடுகிறது. ‘ரா’ கோப்பில் 12 பிட் யந்திரமானால் 4,096 படிகளும், 14 பிட் யந்திரமானால் 16,384 படிகளும் அப்படியே இருக்கும். இன்னும் ஓர் அதிசயம்: ‘ரா’ கோப்பிலுள்ள புள்ளி ஒவ்வொன்றும் ஒரே நிறத்தைத்தான் அறியும். கோடாக் கம்பெனியின் பிரைஸ் பேயர் 1976-ல் உரிமை பெற்ற முறைப்படி, பாதிப் புள்ளிகள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம் என்று கோலம் போல் பரப்பப்பட்டிருக்கின்றன. அண்டை அயல் புள்ளிகளை விசாரித்து முழு நிறத்தையும் நிரப்புவது சமைக்கும் மென்பொருளின் வேலை.

அந்த மென்பொருளுக்குப் பணம் செலவழித்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. ‘டார்க்டேபிள்’, ‘ராதெரப்பி’ என்னும் இரண்டும் உலகெங்குமுள்ள தொண்டர்கள் ஆக்கி இலவசமாய் வழங்குபவை. பல கைப்பேசிகளிலும்கூட ‘ரா’ வடிவில் சேமிக்கும் வசதி இப்போது இருக்கிறது. அமைப்புகளில் தேடிப் பார்த்தால் தெரியும்.

முற்றத்துக் குடங்கள்

நம் சிவகிரி மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. 2019-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி ஜில்லாவின் வடகோடியில், கொல்லம் சாலை மேலே வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசிக்குச் செல்வோர் கடந்து போகும் ஊர். மலைக்கு அப்பால் மழை பிடித்தால் இங்கே சாரல் காற்று வீசும். ஆதலின் மழையைக் கொண்டே விளக்குவோம்.

முற்றம் நிறைய ஒரே அளவுள்ள குடங்களை வரிசையாக வைத்திருப்பதாக எண்ணுங்கள். மழை பெய்கிறது. சிறிது நேரம் கழித்து ஒவ்வொரு குடத்திலும் எவ்வளவு நீர் என்று அளந்தால், எங்கே எவ்வளவு மழை பெய்தது என்று தெரியும். ஆனால் வழிந்துவிட்ட குடம் ஒன்றைத்தான் சொல்லும்: ‘நான் நிறைந்துவிட்டேன்.’ அதில் ஒரு குடம் நீர் விழுந்ததா, பத்துக் குடம் விழுந்ததா என்பது ஒருவருக்கும் தெரியாது. காமிராவின் புள்ளிகள் அக்குடங்கள், ஒளியே மழை. ஹிஸ்டோகிராமின் குன்று வலப்பக்கச் சுவரில் ஏறி முட்டினால், அத்தனை குடங்கள் வழிந்துவிட்டன என்று பொருள். திருத்தும்போது அந்த இடத்தை எவ்வளவு இருட்டாக்கினாலும் வெறும் சாம்பல் பூசினாற்போல் ஆகுமே தவிர, வேஷ்டியின் மடிப்புத் திரும்பி வாராது.

அப்படியானால் எல்லாவற்றையும் இருட்டாகவே எடுத்துவிடலாமே என்று தோன்றும். அதுவும் நஷ்டமே. ஒளி துளித்துளியாக, ஒழுங்கின்றி வந்து விழுவது. சராசரியாக நூறு துளி விழவேண்டிய குடங்களில் ஒன்றில் தொண்ணூறும் ஒன்றில் நூற்றுப்பத்தும் விழும். நூற்றுக்குப் பத்து வீதம் ஏற்றத்தாழ்வு. பதினாயிரம் துளி விழவேண்டிய இடத்தில் ஏற்றத்தாழ்வு நூறுதான், நூற்றுக்கு ஒன்று. ஆகவே ஒளி குறைந்த இடத்தை வீட்டில் உட்கார்ந்து வெளிச்சமாக்கினால், அந்த ஏற்றத்தாழ்வு மணலைத் தூவியது போல் முகத்தின் மேல் தெரிகிறது. இதைத்தான் படக்காரர்கள் ‘நாய்ஸ்’ என்று குறைபட்டுக்கொள்கிறார்கள்.

படிகளின் பங்கீடும் இதற்கு ஒத்தே இருக்கிறது. 14 பிட் கோப்பிலுள்ள 16,384 படிகளில் மிகப் பிரகாசமான ஒரு ‘ஸ்டாப்’ மட்டுமே 8,192 படிகளை எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே 4,096. அதற்கும் கீழே 2,048. இவ்வாறு பாதி பாதியாகக் குறைந்து, பத்தாவது ‘ஸ்டாப்’புக்கு வெறும் 16 படிகள் மிஞ்சும். ஜமீன் சொத்தைப் பிரித்ததுபோல் மூத்தவனுக்கே பாதி போய்விடுகிறது! இவற்றையெல்லாம் எண்ணியே கனடா தேசத்துப் புகைப்பட நிபுணர் மைக்கேல் ரெய்க்மன் 2003-ல், ‘குன்றை வலப்பக்கம் தள்ளி எடுங்கள், ஆனால் சுவரில் முட்ட விடாதீர்கள்’ என்னும் கருத்துள்ள கட்டுரை எழுதிப் பிரசித்தமாக்கினார். குடத்தைக் கழுத்துவரை நிரப்பு, வழியவிடாதே என்பதே அதன் சாரம்.

பேரருவியின் பரீட்சை

இந்தச் சாஸ்திரத்தைப் பரீட்சித்துப் பார்ப்பதற்குக் குற்றாலத்தைவிடச் சிறந்த இடம் இல்லை. ஆனி, ஆடி மாதங்களில் சாரல் கட்டியிருக்கும்போது பேரருவியின் எதிரே நின்று ஒரு படம் எடுங்கள். பாறை நனைந்து கன்னங்கரேலென்றிருக்கிறது. நீரோ பால் போல் வெளுத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஜனக்கூட்டம். காமிரா காட்சி முழுவதையும் சராசரி பார்த்து நடுத்தரச் சாம்பல் நிறமாக்க முயலும் சுபாவம் உடையது. திரையில் பாறையே அதிகமாக இருப்பதால், ‘இருட்டு மிகுதி’ என்று எண்ணி ஒளியைக் கூட்டிவிடுகிறது. படத்தில் அருவி நாராகவும் திவலையாகவும் தெரிவதற்குப் பதில், பாறைமேல் தொங்கவிட்ட வெள்ளைத் துணி போலாகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். இடப்பக்கம் பெரிய குன்று. அது பாறையும் மரங்களும். வலப்பக்கம் சுவரோடு சுவராக ஒல்லியான ஒரு கோபுரம். அதுதான் வழிந்துபோன அருவி. பரப்பில் சிறிதாயினும் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஆகவே ஒளியை ஒரு ‘ஸ்டாப்’, வேண்டுமானால் இரண்டு ‘ஸ்டாப்’ குறைத்து மறுபடி எடுக்கவேண்டும். ஒரு ‘ஸ்டாப்’ குறைத்தால் ஒளி பாதியாகும். இரண்டு குறைத்தால் கால் பங்காகும். கோபுரம் சுவரை விட்டு விலகி ஒரு விரற்கடை உள்ளே வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.

வீட்டிற்கு வந்து ‘ரா’ கோப்பைத் திறந்தால் படம் மங்கலாய் இருக்கும். திகிலடைய வேண்டாம். முதலில் வலப்பக்கம் வழியவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பின்பு நிழலைத் தூக்கும் விசையை மெல்ல நகர்த்தினால், இடப்பக்கக் குன்று மட்டும் நடுவை நோக்கி நகர்வதைக் காணலாம். பாறையின் வரைகளும், அதன்மேல் பற்றிய பாசியும், குளிப்பவர்களின் முகங்களும் வெளிவரும். நீரின் உச்ச ஒளியை அதற்குரிய விசையால் தனியே அடக்கலாம். கடைசியாகக் கரிய எல்லையைச் சரிபாருங்கள். சாரல் திவலை காற்றில் மெல்லிய திரைபோல் நிற்பதால், குன்று இடச்சுவரைத் தொடாமல் தள்ளியே நிற்கும். கறுப்பு சாம்பலாய்த் தெரியும். குன்றின் அடி இடச்சுவரை லேசாகத் தொடும்வரை இழுத்தால், திரை விலகினாற்போல் படம் தெளியும்.

இங்கே ஒரு விதிவிலக்கு. நீர்த்துளியில் மின்னும் சூரியன், குத்துவிளக்கின் சுடர், மூக்குத்தியின் ஒளி ஆகியவை சுவரில் முட்டினாலும் பாதகமில்லை. அவற்றுக்குள் பார்க்கவேண்டிய விவரம் எதுவுமில்லை. அவை மின்னத்தான் வேண்டும்.

அரக்குப் பட்டின் சூழ்ச்சி

கணக்கும் சில வேளை நம்மை ஏமாற்றும். கல்யாணப் படங்களில் இது அடிக்கடி நேர்கிறது. அரக்குச் சிவப்புக் காஞ்சிப் பட்டு உடுத்திய மணமகள். ஹிஸ்டோகிராமில் வலப்பக்கம் தாராளமாக இடம் காலியாய் இருக்கிறது. ஆயினும் படத்தில் புடவையின் ஜரிகைப் பூவேலை ஒன்றும் தெரியாமல், சிவப்பு மை கொட்டினாற்போல் இருக்கிறது. காரணம் யாது?

சாதாரண ஹிஸ்டோகிராம் மூன்று நிறங்களையும் கூட்டிச் சராசரி காட்டுவது. அந்தச் சராசரியும் சமமானதன்று. நம் கண் பச்சையையே அதிகம் உணர்வதால், பொதுவாக நூற்றில் பச்சைக்கு 59 பங்கு, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 என்று மதிப்பிடும் முறை வழங்குகிறது. சிவப்புக் குடம் விளிம்புவரை நிறைந்து, மற்ற இரண்டும் வெறுமையாக இருந்தால், கூட்டுக் கணக்கில் அது 255-க்கு 76 என்றுதான் விழும். ‘இன்னும் எவ்வளவோ இடமிருக்கிறது’ என்று நாம் ஒளியைக் கூட்டுவோம். சிவப்போ முன்னமே வழிந்து ஓடிக்கொண்டிருக்கும். செம்பருத்திப் பூவுக்கும் குங்குமத்துக்கும் இதே கதிதான். ஆகையால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமையே காமிராவில் தேர்ந்தெடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

இன்னொரு நுட்பமும் அறியத்தக்கது. காமிராவின் முதுகில் தெரியும் கணக்கு, நீங்கள் ‘ரா’ எடுத்தாலும், உள்ளே சமைத்த ‘ஜேபெக்’குக்கு உரியது, அரிசியை எடைபோடாமல் சோற்றைப் பார்த்துச் சொல்வது. ஆதலால் அது ‘வழிந்துவிட்டது’ என்று மினுக்கும் இடத்தில், ‘ரா’ கோப்பில் சிறிது மீதம் இருப்பதுண்டு. அந்த மீதம் யந்திரத்துக்கு யந்திரம் மாறும். நாலைந்து படங்கள் எடுத்துச் சோதித்தால் தம் காமிராவின் குணத்தை அவரவர் அறியலாம். ‘ராதெரப்பி’ போன்ற மென்பொருள்களில் சமைக்காத எண்களுக்கே உரிய கணக்கைப் பார்க்கும் வசதியும் இருக்கிறது.

முகங்களுக்கு உரிய இடம்

இனி, நமக்கு மிக முக்கியமென்று தோன்றும் விஷயத்துக்கு வருவோம். நம் பக்கத்துக் கல்யாண ஆல்பங்களைப் புரட்டிப் பார்த்தால், மணமகளும் மணமகனும் அவர்களுடைய சகோதர சகோதரிகளும் யாவரும் ஒரே வெளுப்பில் இருக்கக் காணலாம். மாநிறமும் கறுப்பும் புதுநிறமும் எங்கே போயின? படத்தைத் திருத்துகிறவர், முகத்துக்குரிய குன்றைப் பிடித்து வலப்பக்கம் தள்ளிவிட்டார். அதோடு கன்னத்தின் நிழலும், நெற்றியின் கோடும், பெற்றோரின் சாயலும் போய்விட்டன. திருத்துகிறவரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. ‘கொஞ்சம் வெளுப்பாகப் போடுங்கள்’ என்று கேட்பவர்கள் வீட்டாரே யல்லவா?

இதற்கு வெளியிலும் ஒரு பூர்வீகம் உண்டு. வர்ணப் படச்சுருளின் நிறங்களைச் சரிபார்க்க, 1950-கள் முதல் பல பத்தாண்டுகள் கோடாக் கம்பெனி கடைகளுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் வெள்ளைக்காரப் பெண்மணியின் முகமே இருந்தது. அந்த அட்டைக்கே ‘ஷெர்லி’ என்று பெயர் வழங்கிற்று. அந்த முகம் சரியாக விழுந்தால் எல்லாம் சரி என்று கொண்டார்கள். கறுத்த முகங்கள் அப்படங்களில் கண்ணும் பல்லும் மாத்திரம் தெரியும்படி இருண்டு போயின.

ஆனால் ஒளியின் சாஸ்திரம் யாரையும் இழிவு செய்யவில்லை. ஆடம்ஸ் தம் பதினொரு படிகளை வகுத்தபோது, வெள்ளையரின் சராசரி முகத்துக்கு ஆறாம் படியையும், கருமை தோய்ந்த முகத்துக்கு ஐந்தாம் படியையும் உதாரணமாகச் சொன்னார். ஐந்தாம் படி என்பது நட்டநடுவே உள்ளது. விவரமும் சாயையும் மிகத் தெளிவாக விளங்கும் இடம். அந்த முகத்தை அங்கே வைத்தால் மிக அழகாய் இருக்கும். அதனைத் தூக்கி ஏழாம் படியில் உட்கார வைத்தால் சுண்ணாம்பு அடித்த சுவராகும்.

செய்யவேண்டுவது இது. படம் எடுக்கும்போது வேஷ்டியும் மாலையும் வழியாதபடி ஒளியை வைத்துக்கொள்ளுங்கள். திருத்தும்போது முகத்தை, அது பகல் வெளிச்சத்தில் திண்ணையில் இருக்கும்போது நம் கண்ணுக்கு எவ்வாறு தோன்றுமோ அவ்வாறு அமையுங்கள். நிழலில் இருக்கும் முகத்தை வெளியே கொண்டுவருவது வேறு. நிறத்தை மாற்றுவது வேறு. முன்னது திருத்தம்; பின்னது பொய். இரண்டும் ஒரே விசையால் செய்யப்படுவதால்தான் ஜாக்கிரதை வேண்டும். ஐம்பது வருஷம் கழித்து ஒரு பேத்தி ஆல்பத்தைத் திறந்து, ‘பாட்டி என்னைப்போல் இருந்தாளா?’ என்று தேடுவாள். அவளுக்குச் சரியான விடை கிடைக்கவேண்டாமா?

குற்றாலத்துச் சித்திர சபை போன்ற இடங்களின் சுவரோவியங்களுக்கும் இவ்விதி பொருந்தும். காலத்தால் மங்கிய சாயங்களின் குன்று நடுவில் குறுகி நிற்கும். அதனை இரு சுவர்களுக்கும் நீட்டி இழுத்தால் நேற்றுத் தீட்டியதுபோல் பளபளக்கும். பார்வைக்கு நன்று; ஆனால் ஆராய்கிறவருக்கு அது தவறான சாட்சி. அத்தகைய படத்தை அனுமதி பெற்று எடுத்தால், உள்ள மங்கலையும் உள்ளபடி காப்பதே கடமை.

சில எச்சரிக்கைகள்

ஹிஸ்டோகிராம் நடுவில் ஒரே அழகிய குன்றாக இருந்தால்தான் நல்ல படம் என்பது வீண் பிரமை. இருட்டில் எரியும் ஒற்றை விளக்கின் கணக்கு இடப்பக்கமே குவியும், அதுவே சரி. காலைப்பனி மூடிய வயலின் கணக்கு வலப்பக்கம் ஒதுங்கும்; அதுவும் சரி. நம் ஊரில் மலை மேற்கே இருப்பதால், மாலையில் சூரியன் அதன் பின்னே இறங்கும்போது மலையும் ஊரும் நிழலாகி, வானம் மட்டும் ஜொலிக்கும். கணக்கில் இரு பக்கமும் இரு குன்றுகள், நடுவே பள்ளத்தாக்கு. எல்லாவற்றையும் நடுவுக்கு இழுத்தால் அந்திப்பொழுது மத்தியானமாகிவிடும்.

ஒருமுறை சமைத்த ‘ஜேபெக்’கை மறுபடி மறுபடி திருத்துவதும் கூடாது. 256 படிகளை இழுத்து நீட்டினால் இடையிடையே வெறுமை விழுந்து, ஹிஸ்டோகிராம் சீப்பின் பற்கள் போலாகும். வானத்தில் வரிவரியாய்ப் பட்டைகள் தோன்றும். சீப்புப் பற்களைக் கண்டால், உடனே மூலமான ‘ரா’ கோப்புக்குத் திரும்புங்கள். அந்தக் கோப்பைப் பழைய நாளில் எதிர்ப்படத் தகட்டைக் காத்ததுபோல், இரண்டு தனித்தனி இடங்களில் பத்திரப்படுத்துங்கள். கல்யாணத்துக்குப் படக்காரரை ஏற்பாடு செய்யும்போதே, ‘ரா’ கோப்புகளும் எங்களுக்கு வேண்டும் என்று பேசிக்கொள்வது நலம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள பிள்ளைகளைக் கூட்டிவைத்து மூன்று படங்கள் எடுக்கச் சொல்லுங்கள்: கொடியில் காயும் வெள்ளை வேஷ்டி ஒன்று, தோசைக்கல் ஒன்று, ஜன்னலோரம் அமர்ந்த தாயாரின் முகம் ஒன்று. முதலிரண்டையும் யந்திரம் சாம்பல் நிறமாக்கிக் காட்டும். கணக்கைப் பார்த்து, வேஷ்டியை வெண்மைக்கும் தோசைக்கல்லைக் கருமைக்கும் கொண்டு சேர்க்கச் சொல்லுங்கள். அவ்விரண்டும் கைவந்தபின், மூன்றாவது படத்தில் தாயாரின் முகத்தை அதற்கு உரிய இடத்தில் வைக்க அவர்களுக்குத் தெரிந்துவிடும்.